ஒரு கேமரா, ஒரு லென்ஸ், முப்பது நாள்: கிட்டே போவது பற்றி

(நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் இதுவரை எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் பேசியிருக்கிறார்கள். நான் கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு என்று படமெடுத்துப் பிழைக்கிறவன். என்னைக் கூப்பிட்டபோது, “நான் என்னத்த தோழர் பேசறது?” என்று கேட்டேன். “போன ஏப்ரல் மாசம் ஒரே லென்ஸை வச்சிக்கினு ஊர் ஊரா சுத்தினியே, அதைப் பேசு” என்றார்கள். அதைத்தான் பேசப் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும்.

என் பின்னால் மாட்டியிருக்கும் வாத்தியார் அண்ணனின் படத்தைப் பாருங்கள். முன்வரிசையில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்: முகம் உடைந்து கிடக்கிறது. கண் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புப் புள்ளிகள்தான் இருக்கின்றன. மூக்குக் கண்ணாடி எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. அதை எடுத்தவன் நான்தான். சுடுகாட்டுப் பாதை கேட்டு நடந்த கூட்டத்தில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, நீளமான ஜூம் லென்ஸை வைத்து எடுத்த படம். அண்ணன் மூன்றாவது வரிசையில் இருந்தார். யாரோ கூப்பிடத் திரும்பினார். அந்த ஒரு நொடி விழுந்திருக்கிறது.

அவர் இறந்த அன்று அவர் வீட்டில் மாலை போட ஒரு படம் தேடினோம். இருந்தது வாக்காளர் அடையாள அட்டை மட்டும்தான். என் ஹார்டு டிஸ்கில் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கின்றன. முன்பின் தெரியாத மாப்பிள்ளைகள், பெண்கள், அவர்களின் மாமன் மச்சான்கள், எல்லோருடைய இமை முடியும் எண்ணிவிடலாம். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த மனிதரின் முகம் தெரிகிற படம் ஒன்றே ஒன்று. அதையும் நாற்பது ஐம்பது அடி தள்ளி நின்று எடுத்திருக்கிறேன். அதை வெட்டிப் பெரிதாக்கித்தான் இந்தப் பேனர்.

பாகூருக்கு ஒரு பழைய பெருமை உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவன் காலத்தில், இங்கே இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களை மானியமாகக் கொடுத்ததாகச் செப்பேடு சொல்கிறது. பாகூர்ச் செப்பேடு என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நம்மவர் யாரும் அந்தக் கல்விச்சாலையின் வாசற்படியைக்கூட மிதித்திருக்க வழியில்லை. அதே மண்ணில், காலனிக் கோயில் திண்ணையில், ஓர் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு அண்ணன் இரவுப் பள்ளி நடத்தினார். அதற்குச் செப்பேடு கிடையாது. படமாவது இருந்திருக்க வேண்டும். அந்த விளக்கு வெளிச்சத்தில் அவரை எடுக்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

ஏன் ஏப்ரல்

2015 முதல் ஏப்ரல் மாதத்தைத் தலித் வரலாற்று மாதமாகக் கொண்டாடுகிறோம். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் நடத்தும் கறுப்பு வரலாற்று மாதத்தைப் பார்த்து நம் பெண் தோழர்கள் முன்னெடுத்த முயற்சி அது. சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் ஏப்ரலில் வானம் கலைத் திருவிழாவை நடத்துகிறது. நாம் பெரும்பாலும் 14ஆம் தேதி மாலை போட்டு, கொடி ஏற்றி, மோர் கொடுத்து முடித்துவிடுகிறோம். மீதி 29 நாள் சும்மா போகிறது.

அண்ணன் போன பிறகு வந்த முதல் ஏப்ரலில் எனக்கு நானே ஒரு பந்தயம் வைத்துக்கொண்டேன். 30 நாள். ஒரே கேமரா. ஒரே லென்ஸ். நாளுக்கு ஒரு படமாவது எடுக்க வேண்டும். எல்லாம் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களுக்குள். எடுத்தவருக்குப் படத்தைக் கையில் கொடுத்தால்தான் அது கணக்கில் சேரும்.

என்னிடம் பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்றும் மூன்று லென்ஸ்களும் இருந்தன. ஒன்று, கேமராவோடு வந்த 18-55. இரண்டாவது, 55-200 ஜூம். எனக்குச் சோறு போடுகிற லென்ஸ் அதுதான். மூன்றாவது, ஜூம் ஆகாத 35 எம்.எம். கையளவுதான் இருக்கும், விலையும் குறைவு. ராத்திரி முழுக்க மூன்றையும் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படம் எடுக்கிறவர்களுக்கு இது வழக்கமான வியாதி. எந்த லென்ஸ் கூர்மை, எதில் பின்னணி அழகாகக் கலங்கும் என்று வாரக்கணக்கில் பேசுவோம், படம் எடுக்க மாட்டோம். அன்றைக்கு நான் வேறு ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன்: இந்த லென்ஸை மாட்டினால் நான் எவ்வளவு தூரத்தில் நிற்பேன்?

தூரத்தின் கணக்கு

என் கேமராவில் உள்ள சென்சாரின் நீளப் பக்கம் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர். ஐந்தரை அடி ஆள் ஒருவரைத் தலை முதல் கால் வரை செங்குத்துச் சட்டத்துக்குள் கொண்டுவர, 200 எம்.எம்.மில் நான் சுமார் 45 அடி தள்ளி நிற்க வேண்டும். 35 எம்.எம்.மில் எட்டு அடி போதும். முகமும் தோளும் மட்டும் வேண்டுமானால் 200 எம்.எம்.முக்குப் பதினேழு அடி. 35 எம்.எம்.முக்கு மூன்று அடி. மூன்று அடி என்றால் கை நீட்டினால் தொடுகிற தூரம்.

தோழர்களே, இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏனென்றால் அடிக்கணக்கில் ஆளைத் தள்ளி நிறுத்துகிற வித்தையை நாம் வேறொரு இடத்தில் பார்த்தவர்கள். இன்னார் இன்னாரிடமிருந்து இத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்று கேரளத்தில் சாதிக்குச் சாதி அளவு வைத்திருந்தார்கள். பேஷ்வா காலத்துப் பூனாவில் மகர், மாங்கு மக்கள் பிற்பகல் 3 மணிக்குப் பிறகும் காலை 9 மணிக்கு முன்பும் நகரத்துக்குள் இருக்கக் கூடாது என்று தடை இருந்தது. காரணம், அந்த நேரத்தில் நிழல் நீளம். நீண்ட நிழல் மேல்சாதிக்காரர் மேல் பட்டுவிடும். படமெடுக்கிற தம்பிகளே, ஒன்றைக் கவனியுங்கள். எந்த நேரத்தில் வெளிச்சம் அழகாக இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள்? காலை 9 மணிக்கு முன், பிற்பகல் 3 மணிக்குப் பின். நம் நிழலுக்குத் தடை போட்ட அதே நேரம்.

ஜூம் லென்ஸைக் கண்டுபிடித்தவர் சாதி பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. அது ஒரு கருவி. கலவரம் நடக்கும்போது, போலீஸ் அடிக்கும்போது தள்ளி நின்று எடுக்க அது வேண்டும். உயிர் காக்கும். ஆனால் அமைதியான நாளில், நம் தெருவிலேயே, நம் மனிதரையே எடுக்க எனக்கு ஏன் 45 அடி தேவைப்பட்டது? கிட்டே போனால் பேச வேண்டும். “எடுக்கட்டுமா?” என்று கேட்க வேண்டும். “எதுக்கு?” என்று அவர் திருப்பிக் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். ஜூம் லென்ஸ் எனக்கு அந்தப் பதிலை மிச்சம் பிடித்துக் கொடுத்தது. ஆக, 55-200ஐத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு 35ஐ மாட்டினேன்.

நம்மை எடுத்தவர்கள்

நம்மை யார் எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1839இல் பாரிசில் புகைப்படக் கலையை உலகத்துக்கு அறிவித்தார்கள். அடுத்த முப்பது வருஷத்துக்குள் வெள்ளைக்கார அரசாங்கம் ‘இந்திய மக்கள்’ என்று எட்டுத் தொகுதிகளில் சாதி வாரியாக மனிதர்களைப் படமெடுத்து அச்சிடத் தொடங்கியது. 1868 முதல் 1875 வரை அது வெளிவந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய் உட்கார வைக்கப்பட்ட நம் முன்னோர்களை ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி படமெடுத்தார். அவர்களில் ஒருவருக்கும் படத்தில் பெயர் இல்லை. 1909இல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் போட்டார். மூக்கை அளந்தார், தலையை அளந்தார், படமும் எடுத்தார். அந்தப் படங்களில் ஆள் இருக்கிறார், சாதிப் பெயர் இருக்கிறது. அவருடைய பெயர் இல்லை.

நம் புதுச்சேரிக்கு வாருங்கள். 1950 ஏப்ரலில் ஹென்றி கார்த்தியே-பிரெசோன் இங்கே வந்தார். உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர். ஒரு சின்ன லைகா கேமரா, பெரும்பாலும் ஒரே ஒரு 50 எம்.எம். லென்ஸ், அதை வைத்தே வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர். ஒரு கேமரா, ஒரு லென்ஸ் என்று பேசுகிற எவரும் அவர் பெயரைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். பல வருஷமாக யாரையும் படமெடுக்க விடாத அரவிந்தரை அவர் எடுத்தார். ஆசிரமத்து அன்னையை எடுத்தார். அந்த டிசம்பரில் அரவிந்தர் காலமானார். அந்தப் படங்கள் இன்றைக்கும் உலகம் முழுக்க இருக்கின்றன. இருக்கட்டும். நான் கணக்கிட்டுப் பார்ப்பது ஒன்றைத்தான்: கடற்கரையோர வெள்ளை நகரத்திலிருந்து பாகூருக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். அந்த ஏப்ரலில் நவரை அறுத்துக்கொண்டிருந்த என் ஆயாவின் தலைமுறைக்கு ஒரு படமும் இல்லை.

1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் கோயில்களின் படங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொரு தூணும் சிலையும் பதிவாகியிருக்கிறது. நல்ல வேலைதான். பழைய தமிழ் ஸ்டுடியோக்களில் கிடந்த குடும்பப் படங்களைத் தேடிச் சேகரித்து எண்ணிம வடிவில் காப்பாற்றும் வேலையையும் பிற்பாடு அங்கே செய்திருக்கிறார்கள். ஸ்டுடியோவுக்குப் போகக் காசும், போட்டுக்கொள்ள ஒரு நல்ல துணியும், நாற்காலியில் உட்காரத் தைரியமும் இருந்தவர்கள் அதில் இருப்பார்கள். நம் பக்கத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போன ‘சொல்தா’ வீட்டுச் சுவரில் உடுப்போடு ஒரு படம் தொங்கும். மற்ற வீடுகளில் முதலில் ஏறிய படம் பாபாசாகேப் படம். தன் முகம் என்று நம் அம்மாக்கள் முதன்முதலில் ஒரு அட்டையில் பார்த்தது, 1993க்குப் பிறகு தேர்தல் ஆணையம் கொடுத்த அடையாள அட்டையில்தான். அதையும் அரசாங்கம் தன் தேவைக்காக எடுத்தது.

ஆயுதத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள்

இதை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃபிரடெரிக் டக்ளஸ், அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர், 19ஆம் நூற்றாண்டில் அந்த நாட்டிலேயே அதிகம் படமெடுக்கப்பட்ட மனிதர். ஏறக்குறைய 160 படங்கள் கிடைத்திருக்கின்றன. கறுப்பர்களைக் கேலிச்சித்திரமாகவே வரைந்துகொண்டிருந்த காலத்தில், அவர் தெரிந்தேதான் கேமரா முன்னால் போய் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கார்டன் பார்க்ஸ் என்ற கறுப்பின இளைஞர் ரயிலில் சாப்பாடு பரிமாறும் வேலை பார்த்தவர். பயணிகள் விட்டுப்போன பத்திரிகையில் ஏழை விவசாயிகளின் படங்களைப் பார்த்து, சியாட்டில் நகரத்து அடகுக்கடை ஒன்றில் பழைய கேமரா வாங்கினார். 1942இல் வாஷிங்டனுக்கு அரசாங்கப் புகைப்பட வேலைக்குப் போனார். அங்கே அவருடைய மேலாளர் முதலில் செய்த காரியம், கேமராவை உள்ளே வைத்துவிட்டு, “போய்க் கடையில் கோட்டு வாங்கு, ஓட்டலில் சாப்பிடு, படம் பார்” என்று அனுப்பியதுதான். எங்கும் அவரை உள்ளே விடவில்லை. கோபத்தோடு திரும்பி வந்தவரை, அதே கட்டடத்தில் தரை துடைக்கும் எல்லா வாட்சன் என்ற அம்மாவிடம் போய்ப் பேசச் சொன்னார். பேசினார். அமெரிக்கக் கொடிக்கு முன்னால் துடைப்பமும் மாப்பும் வைத்துக்கொண்டு அந்த அம்மா நிற்கும் படம் உலகப் புகழ்பெற்றது. ஆனால் பலரும் சொல்ல மறப்பது, அந்த ஒரு படத்தோடு பார்க்ஸ் நிறுத்தவில்லை என்பது. வாரக்கணக்கில் அந்த அம்மாவின் வீட்டுக்கு, பேரப்பிள்ளைகளிடம், வழிபடும் இடத்துக்குக் கூடவே போனார். தன் வாழ்க்கை வரலாற்றுக்கு அவர் வைத்த தலைப்பின் பொருள், ஆயுதத்தைத் தேர்ந்தெடுத்தல்.

நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். மும்பையில் சுதாரக் ஓல்வே மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து எடுத்தார். மதுரையில் மீன் விற்கும் அம்மாவின் பிள்ளை மு. பழனிகுமார், 2017இல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். மலக்குழி மரணங்களை, அந்த வீட்டுப் பிள்ளைகளை, பாசி எடுக்கும் பெண்களை எடுத்துவருகிறார். 2022இல் தயானிதா சிங் - பாரி விருது பெற்றார். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கவும் சொல்லித் தருகிறார். எனக்கு விருதைவிட அதுதான் பெரிசு.

முப்பது நாள்

என் ஏப்ரலுக்கு வருகிறேன். முதல் வாரம் பூராவும் தோல்வி. பத்து வருஷப் பழக்கம் விடவில்லை. வில்லியனூர் மார்க்கெட்டில் தள்ளி நின்றுகொண்டு லென்ஸைத் திருகப் பார்க்கிறேன், திருக ஒன்றும் இல்லை. ஆள் எறும்பு மாதிரி விழுகிறார். சங்கராபரணி ஆற்றங்கரையில் ஆடு மேய்க்கிற பெரியவரை எடுத்தேன். படத்தில் ஆறும் இல்லை, அவரும் இல்லை, மணல்தான் இருந்தது.

ஏழாவது நாள் பாகூர் பக்கம் அறுத்த வயலில் கதிர் பொறுக்கிக்கொண்டிருந்த ஆயா ஒருவர் வரப்பில் நின்ற என்னைப் பார்த்துக் கத்தினார்: “டேய் கண்ணு, அங்க நின்னுக்கினு இன்னாடா பண்ற? கிட்ட வாயேன். நான் இன்னா கடிச்சுடவா போறேன்?” செருப்பைக் கழற்றிவிட்டுத் தாளுக்குள் இறங்கினேன். கால் கிழிந்தது. மூன்று அடியில் போய் நின்றேன். அவர் என்னை முதலில் கேட்டது, “நீ யார் வூட்டுப் புள்ள?” சொன்னேன். என் தாத்தாவை அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கப்புறம்தான் எடுத்தேன்.

அந்தப் படத்தில் முகம் கரியாய் விழுந்தது. பின்னால் ஏப்ரல் மாத வானம் வெள்ளையாய் எரிகிறது. கேமராவின் வெளிச்ச மானி வானத்தைப் பார்த்து முகத்தை இருட்டாக்கிவிட்டது. திரையில் காட்டினேன். “கரிக்கட்ட மாதிரி கீறேன்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதைக் கற்றுக்கொள்ளுங்கள் தம்பிகளே. வெளிச்ச மானி எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொள்ளும். வானம் பின்னால் இருந்தால் நம் முகத்தைக் கறுப்பாக்கும். அப்போது வெளிச்சத்தை ஒரு படி கூட்ட வேண்டும். நம் முகமே சட்டத்தை நிறைத்தால் வெளுப்பாக்கும். அப்போது அரைப் படியாவது குறைக்க வேண்டும். கருவி தயாரித்தவர் மனதில் இருந்த தோல் நம் தோல் கிடையாது. அந்தக் காலத்தில் வண்ணப் பிலிமுக்கு நிறம் சரிபார்க்கவே வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைத்தான் வைத்திருந்தார்கள். இன்றைக்குச் செல்போன் கேட்காமலேயே முகத்தை வெளுத்துக் கொடுக்கிறது. அந்த வசதியை முதலில் அணையுங்கள்.

ஆயா இன்னொன்றும் சொன்னார். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். “மாலை போடற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடு. எங்க வூட்டுக்காரருக்குப் படமே இல்ல. வெறும் வெளக்கு வச்சுதான் கும்புடறோம். நான் போனா எம் புள்ளைங்களுக்கு அந்தக் கொற வேணாம்.”

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். சுங்குடிச் சேலை கட்டிக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துத் தயாராக இருந்தார். அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடு. உள்ளே ஒரே ஒரு குண்டு பல்பு. இங்கேதான் அந்தச் சின்ன லென்ஸ் தன் வேலையைக் காட்டியது. 18-55 லென்ஸ் அந்த அளவில் 4.5 வரைதான் திறக்கும். இந்த 35 எம்.எம். 1.8 வரை திறக்கும். ஆறு மடங்கு வெளிச்சம் கூடுதல். பிளாஷ் தேவையில்லை. பிளாஷ் அடித்தால் சுவரில் கறுப்பாய் நிழல் விழும், கண்ணில் பயம் விழும். வாசற்படிக்கு உள்ளே ஓர் அடி தள்ளி உட்கார வைத்தேன். பக்கவாட்டு வெளிச்சத்தில் நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றும் வந்தது. நிறம் அவருடைய நிறமாகவே வந்தது. பிரிண்ட் போட்டுக் கொடுத்தபோது ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “நான்தான்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

செய்தி பரவிவிட்டது. பிறகு நான் யாரையும் தேடிப் போகவில்லை. ஏரியில் நூறு நாள் வேலை பார்க்கிற அக்காக்கள் மண்வெட்டியோடு குழுப் படம் கேட்டார்கள். முன்வரிசையில் யார் என்று சண்டை. விடியற்காலை டெம்போ பிடித்து நகரத்துக்குத் துப்புரவு வேலைக்குப் போகிற பெண்கள், “யூனிபார்ம் போட்டுக்கினு எடுக்காத, புடவையில எடு” என்றார்கள். பறையடிக்கிற மாமா, பறை இல்லாமல் எடு என்றார். அவர் மகன், பறையோடு எடு என்றான். இரண்டையும் எடுத்தேன். 178 பேர் வாக்களித்து 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்று 1954 அக்டோபர் 18இல் முடிவுசெய்த கீழூர் மண்டபம் வில்லியனூர்ப் பக்கம்தான் இருக்கிறது. ஆகஸ்ட் 16இல் அங்கே கேமராக்கள் வரும். நான் ஏப்ரலில் போய், அந்த வழியில் மாட்டுக்குப் புல் அறுத்துவந்த ஒரு பெண்ணை எடுத்தேன்.

இருபதாவது நாள் ஒரு படத்தை எடுக்காமல் விட்டேன். ஒரு வீட்டில் மகனை இழந்த அம்மா தரையில் கிடந்து அழுதார். மூன்று அடியில் நின்றிருந்தேன். 200 எம்.எம். கையில் இருந்திருந்தால் வாசலிலிருந்தே எடுத்திருப்பேன், நல்ல படம் என்று பெயரும் வாங்கியிருப்பேன். மூன்று அடியில் என் கை மேலே எழவில்லை. கேமராவை வைத்துவிட்டு நாற்காலி போடப் போனேன். பத்திரிகைக் கேமரா நம் தெருவுக்கு வருவது குடிசை எரிந்தால், பிணம் விழுந்தால். நம் அழுகை அவர்களிடம் நிறைய இருக்கிறது. நம்மிடம் இல்லாதது நம் சிரிப்பும், நம் சாதாரண நாளும்.

உங்களுக்கு

இந்த ஏப்ரலில் மாணவர்கள் முப்பது பேராவது இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கேமரா வாங்காதீர்கள். கடன் வாங்கவே வாங்காதீர்கள். கையில் இருக்கும் செல்போன் போதும். அதில் இரண்டு மூன்று லென்ஸ் இருக்கும்; ‘1’ என்று போட்டிருக்கும் பிரதான லென்ஸை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்காதீர்கள். பெரிதாக வேண்டுமானால் காலால் நடந்து போங்கள். கேமரா இருப்பவர்கள், சின்ன சென்சார் என்றால் 35, பெரிய சென்சார் என்றால் 50. எதை எடுத்தாலும் முப்பது நாளும் மாற்றக் கூடாது. பத்து நாளில் உங்கள் கண்ணே அந்தச் சட்டத்தைப் போடக் கற்றுக்கொள்ளும். கருவியைப் பற்றிய யோசனை போய்விடும், எதிரில் இருக்கும் ஆளைப் பற்றிய யோசனை மட்டும் இருக்கும். ஒன்றையே தேர்ந்தெடுப்பதன் பலன் அதுதான்.

சில கட்டுப்பாடுகள். கேட்டுவிட்டு எடுங்கள். பெயர், வயது, ஊர், தேதியை ஒரு நோட்டில் எழுதுங்கள். தர்ஸ்டன் எழுதாமல் விட்டதை நாம் எழுதுவோம். பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள். வேண்டாம் என்றால் எதிரிலேயே அழித்துவிடுங்கள். பெண்பிள்ளைகளின் படத்தை அவர்கள் சம்மதம் இல்லாமல் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். சாதி மறுத்துத் திருமணம் செய்தவர்களின் முகமும் இருப்பிடமும் வெளியே போகவே கூடாது. ஒரு படம் கொலைகாரனுக்கு வழிகாட்டிவிடும். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவின்படி குற்றம்.

களப்பணித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. வன்கொடுமை நடந்த இடத்தில் எடுக்கும் படம் சாட்சியம். அசல் கோப்பை அப்படியே வையுங்கள். வெட்டாதீர்கள், நிறம் மாற்றாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறையும், அதிலிருந்த தேதி விவரமும் போய்விடும். எடுத்த செல்போனை விற்றுவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழ் தர வேண்டும். வழக்கறிஞரிடம் முதல் நாளே பேசுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழான நடவடிக்கைகளை வீடியோ பதிவு செய்ய வேண்டும் என்கிறது. கேமரா வைத்திருப்பவர் அதைக் கேட்டு வாங்கத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும்.

முடிக்கிறேன். முப்பதாவது நாள் நான் எடுத்த படம் ஒரு திண்ணை. அண்ணன் இரவுப் பள்ளி நடத்திய திண்ணை. ஆள் இல்லை. அவர் சாய்ந்து உட்கார்ந்த தூணில் எண்ணெய்த் தலை பட்டுப்பட்டு ஒரு கறை விழுந்திருக்கிறது. மூன்று அடியில் நின்று அந்தக் கறையை எடுத்தேன். முகத்தை எடுத்திருக்க வேண்டிய தூரம் அது.

உங்கள் வீட்டிலும் தெருவிலும் இருக்கிறார்கள் அப்படிப்பட்டவர்கள். கூட்டம் முடிந்து போகும்போது அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். பேசுங்கள். பிறகு எடுங்கள். அடுத்த வருஷம் இந்த மேடையின் பின்னால் உடைந்த முகம் எதுவும் தொங்கக் கூடாது.